இங்கிலாந்தில் முதல் அப்ரண்டிஸை எடுக்கிறீர்களா? அரசுப் பணமும் புதிய விதிகளும், படிப்படியாக

இங்கிலாந்தில் கடை, கராஜ், கேர் ஹோம், கணக்கர் அலுவலகம் என்று சின்ன அளவில் தொழில் செய்கிற நம் ஆட்களிடம் அப்ரண்டிஸ், அதாவது சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே தொழில் கற்கும் ஆள், பற்றிப் பேச்சை எடுத்தால், "அரசாங்கம் காசு தருதாமே" என்பார்கள். எதற்கு, யாருக்கு, எப்போது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பதில்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வருடத்தில் சரியாக இருந்தவைதான். 2024 ஏப்ரலில் ஒரு மாற்றம், 2025 பிப்ரவரியில் ஒன்று, ஆகஸ்டில் மூன்று நான்கு, 2026 ஜனவரியில் இன்னொன்று என்று விதிகள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன.

அதனால் ஒவ்வொரு அறிவிப்பையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். அப்ரண்டிஸ் பயிற்சி தொடங்கும் தேதி, அந்தத் தேதியில் அவருடைய வயது. இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். எந்த விதி உங்களுக்குப் பொருந்தும் என்பதைப் பெரும்பாலும் இவைதான் முடிவு செய்கின்றன.

படி 1: எந்த நாட்டு விதி, எந்தத் துறை?

இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனித் திட்டங்கள் உண்டு. அப்ரண்டிஸ் தன் வேலை நேரத்தில் பாதியாவது இங்கிலாந்தில் செலவிட வேண்டும்.

பழைய வழிகாட்டிகளில் 'ஈஎஸ்எஃப்ஏ' என்ற பெயர் அடிக்கடி வரும். பணத்தைக் கையாண்ட அந்த அமைப்பு 2025 மார்ச் 31 அன்று மூடப்பட்டு, வேலைகள் கல்வித் துறைக்குப் போயின. பயிற்சித் தரங்களை, அதாவது ஒவ்வொரு வேலைக்குமான பயிற்சித் திட்டங்களை, வகுத்த இன்னோர் அமைப்பும் கலைக்கப்பட்டு, 2025 ஜூனில் ஸ்கில்ஸ் இங்கிலாந்து அந்த இடத்துக்கு வந்தது. அப்புறம் செப்டம்பரில் அப்ரண்டிஸ் திட்டம், பெரியவர்களுக்கான திறன் பயிற்சி, ஸ்கில்ஸ் இங்கிலாந்து எல்லாமே வேலை மற்றும் ஓய்வூதியத் துறையின் கீழ் மாறின. 16 முதல் 19 வயதினரின் கல்லூரிப் படிப்பு கல்வித் துறையிடமே இருக்கிறது. இதையெல்லாம் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. கையில் கிடைத்த வழிகாட்டியில் பழைய அமைப்பின் பெயர் இருந்தால், அதிலுள்ள தொகைகளையும் நம்பாதீர்கள். அவ்வளவுதான்.

படி 2: நீங்கள் லெவி கட்டுகிறவரா?

2017 ஏப்ரலில் வந்த அப்ரண்டிஸ்ஷிப் லெவி ஒரு வரி. பிரிட்டன் முழுவதும் உண்டு. வரித் துறையான எச்எம்ஆர்சி மாதாமாதம் வசூலிக்கிறது. நிறுவனத்தின் மொத்தச் சம்பளச் செலவில் 0.5 சதவீதம் கணக்கிட்டு, அதில் ஆண்டுக்கு 15,000 பவுண்டைக் கழித்துவிடுவார்கள். 50 லட்சம் பவுண்டு சம்பளச் செலவு உள்ள நிறுவனத்துக்கு 0.5 சதவீதம் 25,000. 15,000 போக, கட்ட வேண்டியது 10,000 பவுண்டு. 30 லட்சத்துக்குக் கீழே இருந்தால் ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. ஒரே உரிமையாளரின் கீழ் இணைந்த நிறுவனங்கள் பல இருந்தால் அந்த 15,000 கழிவு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றுதான். ஒவ்வொரு கடைக்கும் ஒரு கம்பெனி என்று வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதைப் படிக்கும் பெரும்பாலோர் லெவி கட்டாதவர்களாகத்தான் இருப்பீர்கள். இனி வருவது உங்களுக்காக.

படி 3: வயதையும் தேதியையும் பொருத்திப் பாருங்கள்

முதலில் ஒரு தெளிவு. அரசு கொடுப்பது பயிற்சிக்கும் தேர்வுக்குமான செலவு. அது பயிற்சி நிறுவனத்துக்குப் போகிறது. சம்பளத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். "அரசே சம்பளம் கொடுக்கும்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

லெவி கட்டாதவர்களுக்கு 2019 ஏப்ரல் முதல் அடிப்படைக் கணக்கு இது: பயிற்சிச் செலவில் 95 சதவீதம் அரசு, 5 சதவீதம் நீங்கள். 2024 ஏப்ரல் 1 முதல், தொடங்கும்போது 21 வயதோ அதற்குக் குறைவோ என்றால் அந்த 5 சதவீதமும் கிடையாது, முழுச் செலவும் அரசுடையது. 22 முதல் 24 வயது வரை உள்ளவர்களில், சிறப்புக் கல்வித் தேவைக்கான அரசுத் திட்டம் உள்ளவர்களுக்கும், அரசுப் பராமரிப்பில் வளர்ந்தவர்களுக்கும் இதே சலுகை உண்டு.

ஒரு பிறந்தநாள் என்ன செய்யும் என்று பாருங்கள். பயிற்சிக் கட்டணம் 5,000 பவுண்டு. பையனுக்கு வியாழக்கிழமை 22 வயது ஆகிறது. அந்த வாரம் திங்கட்கிழமை பயிற்சியைத் தொடங்கினால் உங்கள் பங்கு பூஜ்யம். அடுத்த திங்கட்கிழமை தொடங்கினால் 250 பவுண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளை வைத்து வயதைக் கணக்கிடுவதில்லை, பயிற்சி தொடங்கும் நாளை வைத்துத்தான்.

2025 நவம்பர் பட்ஜெட்டில் இந்தச் சலுகையை 25 வயதுக்குக் கீழுள்ள, தகுதியுடைய எல்லோருக்கும் நீட்டுவதாக அறிவித்தார்கள். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு மட்டும். இதை உள்ளடக்கிய மொத்த ஒதுக்கீடு 72.5 கோடி பவுண்டு. இங்கேதான் தேதி முக்கியமாகிறது. பட்ஜெட் அறிவிப்பு வேறு, நடைமுறை விதி வேறு. நிதி விதிகள் ஆகஸ்ட் முதல் ஜூலை வரை ஓர் ஆண்டு என்ற கணக்கில் வெளியாகின்றன. உங்கள் ஆள் எந்த ஆண்டில் தொடங்குகிறாரோ, அந்த ஆண்டின் விதி ஆவணத்தை அரசுத் தளத்தில் திறந்து பாருங்கள். இரண்டு மூன்று வாரம் தள்ளித் தொடங்கினால் லாபமா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

ஆள் 30, 40 வயதுக்காரரா? அதற்கும் வழி உண்டு, பலருக்கு இது தெரிவதே இல்லை. லெவி கட்டும் பெரிய நிறுவனங்கள், அந்த லெவியிலிருந்து பயிற்சிக்கென்று தங்களுக்குக் கிடைக்கும் ஆண்டு நிதியில் 50 சதவீதம் வரை மற்றவர்களுக்கு மாற்றிக் கொடுக்கலாம் (2024 ஏப்ரலுக்கு முன் 25 சதவீதம்தான்). அப்படி ஒரு மாற்று நிதி கிடைத்தால் உங்கள் 5 சதவீதமும் அதிலிருந்தே போய்விடும். உள்ளூர் கவுன்சிலைக் கேட்டுப் பாருங்கள். பல கவுன்சில்கள் இதைச் செய்கின்றன.

படி 4: எந்தப் பயிற்சி?

ஒவ்வொரு பயிற்சித் தரத்துக்கும் அரசு நிதிக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். 1,500 பவுண்டிலிருந்து 27,000 பவுண்டு வரை போகிறது. கட்டணத்தை நீங்களும் பயிற்சி நிறுவனமும் பேசி முடிவு செய்கிறீர்கள். உச்சவரம்பைத் தாண்டினால் தாண்டிய தொகை முழுவதும் உங்கள் தலையில். ஆகவே பேரம் பேசத் தயங்காதீர்கள். உங்கள் ஆளுக்கு அந்த வேலை ஏற்கெனவே ஓரளவு தெரியும் என்றால், அந்தப் பகுதியைக் கழித்துக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்பதே விதி. ஒருபோதும் அப்ரண்டிஸிடம் பயிற்சிக்காகப் பணம் வாங்கக் கூடாது.

சமீபத்திய மாற்றங்களில் உங்களைத் தொடக்கூடியவை:

- 2025 ஆகஸ்ட் முதல் குறைந்தபட்சக் காலம் 12 மாதத்திலிருந்து 8 மாதமாகக் குறைந்தது. எல்லாப் பயிற்சியும் 8 மாதத்தில் முடிந்துவிடும் என்று அர்த்தமில்லை.
- தொடங்கும்போது 19 வயதோ அதற்கு மேலோ என்றால் ஆங்கிலம், கணிதத் தகுதித் தேர்வு இப்போது கட்டாயமில்லை. வேண்டுமா வேண்டாமா என்று நீங்களும் அவரும் பேசி முடிவு செய்யலாம். 18 வயது வரை உள்ளவர்களுக்குக் கட்டாயம் தொடர்கிறது.
- 2025 ஆகஸ்டில் 'ஃபவுண்டேஷன் அப்ரண்டிஸ்ஷிப்' என்ற தொடக்க நிலை வந்தது. முக்கியமாக 16 முதல் 21 வயதினருக்கு. கட்டுமானம், பொறியியல் மற்றும் உற்பத்தி, டிஜிட்டல், மருத்துவம் மற்றும் சமூகப் பராமரிப்பு ஆகிய துறைகளில் தொடங்கினார்கள். வேலை கொடுப்பவருக்கு 2,000 பவுண்டு வரை கிடைக்கும்.
- 2026 ஜனவரி 1 முதல் ஏழாம் நிலை அப்ரண்டிஸ்ஷிப்புக்கு, அதாவது முதுகலைக்கு இணையான நிலைக்கு, 21 வயது வரை உள்ளவர்களுக்குத்தான் அரசு நிதி. மேலே சொன்ன சிறப்புப் பிரிவினருக்கு மட்டும் 24 வரை.

கடைசியாகச் சொன்னது கணக்கர் அலுவலகங்களுக்குப் பெரிய அடி. பட்டதாரியை 22, 23 வயதில் எடுத்து, கணக்காளர் தகுதியை ஏழாம் நிலை வழியாகப் படிக்க வைப்பதுதான் பலருடைய வழக்கம். இனி அந்தச் செலவு நிறுவனத்துடையது. என் கருத்தில், பள்ளி முடித்த 18 வயதுப் பிள்ளையை நான்காம் நிலையில் எடுத்து வளர்த்தெடுப்பதே இனி சின்ன அலுவலகங்களுக்குக் கட்டுப்படியாகும். அந்தத் தேதிக்கு முன்பே தொடங்கியவர்களுக்குக் கவலை வேண்டாம், அவர்களுடைய நிதி முடியும் வரை தொடரும்.

படி 5: கணக்குத் திறந்து நிதியை ஒதுக்குங்கள்

அரசுத் தளத்தில் அப்ரண்டிஸ்ஷிப் சேவைக் கணக்கைத் திறக்க உங்கள் பிஏஒய்ஈ எண் (ஊழியர் சம்பள வரிக்கான பதிவு எண்) கையில் இருக்கட்டும். லெவி கட்டாதவர்கள், பயிற்சி தொடங்கும் முன்பே அந்தக் கணக்கில் நிதியை ஒதுக்கிக்கொள்ள வேண்டும். இதை நீங்களும் செய்யலாம், உங்கள் அனுமதியோடு பயிற்சி நிறுவனமும் செய்யலாம். பயிற்சி நிறுவனம் அரசின் அங்கீகாரப் பதிவேட்டில் இருக்கிறதா, கல்வித் தரத்தை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட்டின் அறிக்கை என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு அனுமதி கொடுங்கள்.

அவர்களுக்குப் பணம் ஒரே மூச்சில் போவதில்லை என்பதையும் தெரிந்துவைத்திருங்கள். 5,000 பவுண்டுக் கட்டணம், 16 மாதப் பயிற்சி என்றால், 20 சதவீதமான 1,000 பவுண்டு முடிவு வரை நிறுத்திவைக்கப்படும். மீதி 4,000 மாதத்துக்கு 250 வீதம் போகும். பாதியில் பயிற்சி நின்றால் மாதத் தொகையும் நின்றுவிடும். உங்கள் ஆள் படிப்பை முடிக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கும் அக்கறை இருப்பது இதனால்தான்.

படி 6: சம்பளமும் நேஷனல் இன்ஷூரன்ஸும்

2026 ஏப்ரல் முதல் அப்ரண்டிஸுக்குக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 8.00 பவுண்டு. இது 19 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும், எந்த வயதாயிருந்தாலும் முதல் ஆண்டில் இருப்பவர்களுக்கும் மட்டும். 20 வயதுப் பெண் ஒருவர் முதல் ஆண்டை முடித்தவுடன் 18–20 வயதுக்குரிய 10.85 பவுண்டுக்குப் போய்விடுவார். 21 நிறைந்தவர் முதல் ஆண்டு முடிந்தால் 12.71. அந்த மாதத்தை நாட்காட்டியில் இப்போதே குறித்துவையுங்கள். வழக்கமான வேலையை விட்டு ஒதுங்கிப் பயிற்சி பெறும் நேரமும் சம்பள நேரம்தான். 2025 ஆகஸ்ட் முதல் ஒவ்வொரு பயிற்சித் தரத்துக்கும் அதற்கான குறைந்தபட்ச மணி நேரம் தனியாக வெளியிடப்படுகிறது.

25 வயதுக்குக் கீழ் உள்ள அப்ரண்டிஸுக்கு, ஆண்டுச் சம்பளம் 50,270 பவுண்டு வரை நேஷனல் இன்ஷூரன்ஸ் என்ற சமூகக் காப்பீட்டுக்கு முதலாளி கட்ட வேண்டிய பங்கு கிடையாது. சம்பள மென்பொருளில் 'எச்' என்ற வகை எழுத்தைப் போட வேண்டும். வழக்கமான 'ஏ'யை அப்படியே விட்டால் கட்டிக்கொண்டே இருப்பீர்கள். 22 வயது ஆள், வாரம் 37 மணி, மணிக்கு 8 பவுண்டு என்றால் ஆண்டுக்கு 15,392 பவுண்டு. 5,000க்கு மேலுள்ள தொகையில் 15 சதவீதம் ஏறத்தாழ 1,559 பவுண்டு. அதுதான் மிச்சம். முதலாளி பங்கில் ஆண்டுக்கு 10,500 பவுண்டு வரை கழித்துக்கொள்ளும் எம்ப்ளாய்மெண்ட் அலவன்ஸ் ஏற்கெனவே உங்கள் முழுத் தொகையையும் விழுங்கிவிட்டால் இதில் புதிதாக லாபமில்லை. எழுத்தை மட்டும் சரியாகப் போட்டுவிடுங்கள்.

படி 7: கையெழுத்து, அப்புறம் இரண்டு தேதிகள்

அப்ரண்டிஸோடு வேலை ஒப்பந்தம், மூவரும் சேர்ந்து கையெழுத்திடும் பயிற்சித் திட்டம், பயிற்சி நிறுவனத்தோடு தனி ஒப்பந்தம் ஆகிய மூன்றும் தொடக்க நாளுக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். அவர் பிரிட்டனில் எவ்வளவு காலமாக வசிக்கிறார், என்ன விசா என்பதையும் பயிற்சி நிறுவனம் கேட்கும். வேலை செய்யும் உரிமை மட்டும் இருந்தால் போதாது. பொதுவாக மூன்று ஆண்டு வசிப்பு வேண்டும். மாணவர் விசாவில் இருப்பவரை இதில் சேர்க்க முடியாது.

16 முதல் 18 வயதுக்காரரையோ, 24 வயது வரையுள்ள சிறப்புப் பிரிவினரையோ எடுத்திருந்தால் உங்களுக்கு 1,000 பவுண்டு உண்டு. தொடங்கி 90 நாள் கழித்துப் பாதி, 365 நாள் கழித்து மீதி. இது பயிற்சி நிறுவனத்தின் வழியாகவே வருகிறது, ஆகவே 90ஆம் நாள் கடந்தும் வங்கிக் கணக்கில் ஒன்றும் தெரியவில்லை என்றால் முதலில் அவர்களுக்குப் போன் போடுங்கள்.