மூட்டுவலியோடு டன் லீரி கடற்கரையில் ஒரு நாள்: நான் போய்வரும் முறை

எனக்கு ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். ஊரில் முடக்குவாதம் என்பார்கள். அயர்லாந்தின் டப்ளினில் குடியிருந்துகொண்டே, ரயிலில் அரை மணிக்குள் எட்டிவிடும் டன் லீரிக் கடலை இரண்டு வருடம் எட்டிப் பார்க்காமல் இருந்தேன். போனால் திரும்பி வர முடியுமா, மறுநாள் எழுந்திருக்க முடியுமா என்ற பயம். இப்போது மாதம் ஒரு முறையாவது போய்விடுகிறேன். நாள்பட்ட நோயோடு இங்கே இருக்கும் யாருக்காவது உதவும் என்று என் முறையை எழுதுகிறேன். லீப் கார்டு என்ற பயண அட்டை வாங்குவது, ரயில் நேரம் பார்ப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

படி 1: நாள் குறிப்பது

இந்த நோய்க்கான மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை வாரம் ஒரு முறை, வெள்ளி இரவு போடுகிறேன். சனிக்கிழமை முழுக்கச் சோர்வு. அதனால் கடலுக்கு செவ்வாய் அல்லது புதன். முந்தைய நாள் பெரிய சமையல், துணி துவைப்பு எதுவும் கிடையாது. மறுநாளையும் காலியாக விடுங்கள். அதுவும் பயணத்தில் சேர்த்திதான். ஞாயிற்றுக்கிழமை டன் லீரியின் பீப்பிள்ஸ் பார்க் பூங்காவில் சந்தை கூடும். பார்க்க அழகு, ஆனால் வரிசையில் நிற்க முழங்கால் வேண்டும்.

படி 2: தாமதமாகக் கிளம்புவது

காலை விறைப்பு விட எனக்குப் பத்து மணி ஆகிறது. ஜூன் மாதம் இங்கே சூரியன் மறைய இரவு பத்தை நெருங்கும். பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினாலும் பத்து மணி நேர வெளிச்சம் பாக்கி இருக்கிறது. அரக்கப்பரக்க ஓட வேண்டியதே இல்லை.

படி 3: பை

குடை வேண்டாம். கடற்காற்றில் அதைப் பிடித்து நிற்பதே விரல் மூட்டுகளுக்குத் தண்டனை. தலைமூடி வைத்த மழைக்கோட்டு போதும். கையுறையில் ஐந்து விரலும் தனித்தனியாக இருப்பதைவிட, நான்கு விரலும் ஒன்றாகச் சேர்ந்து கிடக்கும் வகைதான் சூடு காக்கிறது, மாட்டவும் சுலபம். ஃபிளாஸ்க் திருகுமூடியாக இருக்கக் கூடாது. பொத்தானை அழுத்தினால் திறப்பதாகப் பார்த்து வாங்குங்கள். நாடா கட்டும் ஷூ வேண்டாம். மடிக்கும் ஊன்றுகோல் ஒன்று, வலி இல்லாத நாளிலும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், உட்கார ஒரு சிறு ஃபோம் விரிப்பு. அங்கே பல இடங்களில் உட்காரக் கிடைப்பது கிரானைட் கல். அதன் குளிர் ஐந்தே நிமிடத்தில் இடுப்புக்கு ஏறிவிடும்.

மேகமாக இருந்தாலும் சன்ஸ்கிரீன் பூசிக்கொள்ளுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்களுக்குத் தோல் வெயிலில் சீக்கிரம் கன்றிப்போகலாம்.

படி 4: ரயிலில் இடது பக்கம்

நகரத்திலிருந்து தெற்கே போகும் டார்ட் ரயிலில் இடது பக்க ஜன்னல். பூட்டர்ஸ்டவுன் தாண்டும்போதே கடல் கூட வர ஆரம்பிக்கும். உடம்பு ஒத்துழைக்காத நாளில் நான் டன் லீரியில் இறங்குவதே இல்லை. டால்கி தாண்டி ஒரு சுரங்கம் வரும். அதைவிட்டு வெளியே வந்ததும் கில்லைனி வளைகுடா மொத்தமும் காலடியில் விரியும், தூரத்தில் பிரே ஹெட் குன்றோடு. கிரேஸ்டோன்ஸ் வரை உட்கார்ந்தபடியே போய், உட்கார்ந்தபடியே திரும்பலாம். அதுவும் கடலுக்குப் போனதாகத்தான் கணக்கு.

படி 5: கிழக்குத் துறைமுகச் சுவர் (இங்கேதான் கவனம்)

நிலையத்தை விட்டு இறங்கினால் துறைமுகம் பக்கத்திலேயே. 1807 நவம்பரில் டப்ளின் வளைகுடாவில் ஒரே புயலில் இரண்டு கப்பல்கள் உடைந்து ஏறக்குறைய நானூறு பேர் இறந்தார்கள். அதன் பிறகு கப்பல்கள் ஒதுங்க ஒரு துறைமுகம் வேண்டும் என்று எழுந்த கோரிக்கையால் 1817-ல் இதன் வேலை தொடங்கியது. டால்கி குவாரியிலிருந்து வெட்டி வந்த கல். கடலுக்குள் நீளும் கிழக்குச் சுவரின் மேலேயே நடக்கலாம். நீளம் சுமார் 1.3 கிலோமீட்டர், முனையில் கலங்கரை விளக்கம். தரை சமதளம், வழியில் இருக்கைகளும் உண்டு. முதல் தடவை பார்த்தபோது இதைவிட எளிதான நடை இருக்காது என்று நினைத்தேன்.

இரண்டு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. ஒன்று, சுவருக்கு நடுவில் வெளியேறும் வழி கிடையாது. பேருந்து இல்லை, டாக்ஸி வராது. எவ்வளவு தூரம் போகிறோமோ அவ்வளவும் திரும்பி நடந்தே ஆக வேண்டும். இரண்டு, காற்று. அயர்லாந்தில் பெரும்பாலும் தென்மேற்குக் காற்று. கரையிலிருந்து போகும்போது அது முதுகைத் தள்ளிக்கொண்டே வரும், கால் தானாக நடப்பது போல இருக்கும். ‘இன்றைக்கு உடம்பு நன்றாக இருக்கிறதே’ என்று நம்பி முனைவரை போய்விட்டேன். திரும்பினால் அதே காற்று நெஞ்சில் முட்டுகிறது. இருபது நிமிடத்தில் போன தூரத்தைத் திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வீட்டுக்காரர் தோளைப் பிடித்து நடந்தேன். அடுத்த மூன்று நாள் படுக்கை.

இப்போது செய்வது இது. கைபேசியில் பத்து நிமிட அலாரம் வைக்கிறேன். அடித்ததும் திரும்பிவிட வேண்டும். வலி வந்த பிறகு அல்ல, நன்றாக இருக்கும்போதே. இன்னும் கொஞ்சம் போகலாம் என்று மனசு கெஞ்சும். கேட்காதீர்கள். மறுநாள் காலை விறைப்பு வழக்கம்போலவே இருந்தால், அடுத்த தடவை பன்னிரண்டு நிமிடம். அப்படிக் கூட்டிக் கூட்டி பாண்டு வாத்திய மேடை வரை வர எனக்கு ஒரு கோடைக்காலம் பிடித்தது. முனைக்கு வெகு முன்பே வந்துவிடும் அந்த மேடைதான் இன்றும் என் எல்லை. கப்பல் வருவதை அங்கிருந்தே பார்க்கலாம்.

கிளம்பும் முன் அயர்லாந்து வானிலைத் துறையான மெட் ஏரனின் தளத்தில் காற்று வேகம் பாருங்கள். வீச்சு மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டினால் நான் சுவர்ப் பக்கமே போவதில்லை. இந்தச் சுவரிலேயே காற்றின் வேகத்தை அளக்க 1852-ல் கட்டிய சிறிய கற்கட்டடம் ஒன்று நிற்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம், அந்தக் காலத்திலேயே இங்கே காற்றைத்தான் முதலில் கணக்கெடுத்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

படி 6: சாப்பாடும் ஓய்வும்

லெக்ஸிகன் நூலகம். துறைமுகத்துக்கு எதிரே, 2014-ல் திறந்தது. லிஃப்ட், கழிவறை, நல்ல நாற்காலி, பெரிய கண்ணாடி வழியே கடல். காபி வாங்கினால்தான் உட்காரலாம் என்ற கட்டாயம் இல்லை. காபிக் கடையைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். ஒரு மணி நேரமாவது இங்கே இருங்கள். எலுமிச்சை சாதம் கொண்டுபோனால் முதலில் பூங்காவில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வலி மாத்திரை வெறும் வயிற்றில் வேண்டாம். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் சமைக்காத சிப்பியைத் தொடாதீர்கள். மீன் வேண்டுமென்றால் நன்றாக வெந்ததாக.

தெம்பு மிச்சம் இருந்தால் மட்டும் பக்கத்து ஊரான சாண்டிகோவ். எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் 1904-ல் ஆறு இரவு தங்கிய மார்ட்டெல்லோ கோபுரம் (பழைய கடலோரக் காவல் கோபுரம்) அங்கே இருக்கிறது. உள்ளே குறுகலான சுழல் படிக்கட்டு. நான் வெளியே நின்று பார்த்ததோடு சரி. பக்கத்தில் ஃபார்ட்டி ஃபுட் என்ற கடல் நீச்சல் இடத்தில் குளிர்காலத்திலும் குதித்து நீந்துகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே ஒரு மாலைப்பொழுது.

பின்சேர்க்கை 1: ஃபிரிட்ஜில் வைக்கும் ஊசியை எப்படிக் கொண்டுபோவது என்று ஒரு தோழி கேட்டிருந்தார். ஒரு நாள் பயணத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம். ஊசி நாளில் கடலுக்குப் போகாமல் பயண நாளை மாற்றுங்கள். மருந்து நாளை மாற்ற வேண்டுமென்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு.

பின்சேர்க்கை 2: மழை ஈரத்தில் ஊன்றுகோல் கல்லில் வழுக்கியது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அடி ரப்பரைத் திருப்பிப் பாருங்கள். வரிகள் தேய்ந்து வழவழப்பாக இருந்தால் அதுதான் காரணம். ரப்பரை மட்டும் மாற்றலாம், முழுக் கோலையும் வாங்க வேண்டாம். அளவு பார்த்து வாங்கப் பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள்.

பின்சேர்க்கை 3: டிசம்பரில் நாலு மணி வாக்கில் இருட்டிவிடும். அப்போது வரிசையை மாற்றிக்கொள்கிறேன்: இறங்கியதும் பத்து நிமிட நடை, பிறகு நூலகம், மூன்று மணி ரயிலில் வீடு. திரும்பும்போது வலது பக்க ஜன்னல்.