மதுரையிலிருந்து ஐரோப்பிய மாநாட்டுக்குச் செல்வோர் கவனத்திற்கு

கட்டுரை ஏற்கப்பட்டதாக மின்னஞ்சல் வந்த அன்றே கடவுச்சீட்டை எடுத்துப் பாருங்கள். ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் செல்லும் பொது விசா) அது கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பின் 3 மாதங்களாவது செல்லத்தக்கதாகவும், 2 வெற்றுப் பக்கங்கள் கொண்டதாகவும் இருக்க வேண்டும்.

நம்மவர்களைப் பெரிதும் அலைக்கழிப்பது இனிஷியல்தான். கல்லூரிப் பதிவேட்டில் ‘ரா. முருகன்’ என்றிருப்பவர் கடவுச்சீட்டில் ‘முருகன் ராமசாமி’ என்று விரிந்திருப்பார். அழைப்புக் கடிதம், விமானச் சீட்டு, காப்பீடு ஆகிய மூன்றிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்துப் பெயர் அமையுமாறு அமைப்பாளர்களிடம் முதலிலேயே எழுதிக் கேட்டுவிடுவது பின்னர் விளக்கக் கடிதம் எழுதுவதைவிட எளிது.

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதங்களுக்கு முன்பிருந்தே அளிக்கலாம். 15 நாட்களுக்குக் குறைவாக இருந்தால் ஏற்கமாட்டார்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். கைரேகை பதிவதற்குச் சென்னை செல்ல நேர்ந்தால், பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறிக் காலையில் இறங்கலாம். ஆனால் விசா மையத்தில் கைரேகைக்கான முன்பதிவு நேரத்தை ரயில் தாமதத்துக்கும் இடம்விட்டே தேர்ந்தெடுங்கள்.

அழைப்புக் கடிதம், தங்குமிடப் பதிவு, திரும்பும் சீட்டு ஆகியவற்றின் அச்சுப் பிரதிகள் கைப்பையில் இருக்கட்டும். குடிநுழைவு அதிகாரி கேட்கும்போது கைப்பேசியில் சார்ஜ் இல்லாமல் போகலாம். நண்பர்களுக்கென ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கிச் செல்ல ஆசை வரும். வெளிநாட்டிலிருந்து வருவோர் பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை உள்ளதால், அதை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கடலை மிட்டாயை எடுத்துச் செல்லுங்கள்.