சென்னையைச் சுற்றிப் பார்க்க வருகிறீர்களா? முதலில் கிழமையைப் பாருங்கள்

சில வருடங்களுக்கு முன் திருநெல்வேலியிலிருந்து சித்தப்பா குடும்பத்தோடு வந்திருந்தார். காலையில் எழும்பூரில் இறங்கியவர்களை வீட்டுக்கு அழைத்துப்போய், குளித்துச் சாப்பிட வைத்து, நேராக அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். பாந்தியன் சாலையில் ஆட்டோவை விட்டு இறங்கினால் கேட் பூட்டிக் கிடந்தது. அன்று வெள்ளிக்கிழமை. சித்தப்பா மகள் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பார்க்க வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் அவர்களுக்கு ஊருக்குத் திரும்ப டிக்கெட். அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. கிழமையைப் பார்க்காமல் அழைத்துப்போனது என் தவறு.

சென்னைக்கு வருகிற பலரும் இதே தவறைத்தான் செய்கிறார்கள். எங்கே போவது என்று பட்டியல் போடுகிறார்கள், என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று யோசிப்பதில்லை. இங்கே ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு விடுமுறை நாள் உண்டு. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கும் வெள்ளி. வண்டலூர் உயிரியல் பூங்கா, கிண்டி சிறுவர் பூங்கா, முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா மூன்றுக்கும் செவ்வாய். மெரினா கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள். பண்டிகை நாட்களில் இதுவும் மாறலாம் என்பதால், கிளம்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது.

கோயில்களுக்கு விடுமுறை இல்லை, ஆனால் உச்சிப் பொழுது இருக்கிறது. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலிலும் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலிலும் மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மறுபடி திறக்க நான்கு மணி ஆகிவிடும். வெளியூர்க்காரர்கள் பதினொன்றரைக்குச் சாவகாசமாகக் கிளம்பி, டிராஃபிக்கில் மாட்டி, சாத்திய கதவுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். மயிலாப்பூருக்குக் காலை ஆறரை, ஏழுக்கே போய்விடுங்கள். தரிசனம் முடித்து, குளத்தைச் சுற்றி மாட வீதிகளில் பூக்கடைகளையும் பாத்திரக் கடைகளையும் பார்த்தபடி நடந்து, ஒரு டிகிரி காபி குடித்த பிறகும் வெயில் ஏறியிருக்காது.

அடுத்தது எழும்பூர் அருங்காட்சியகத்தை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்ற கணக்கு. 1851இல் தொடங்கியது அது. ஒரே வளாகத்தில் பல கட்டிடங்கள், அமராவதிச் சிற்பங்கள், பக்கத்திலேயே கன்னிமாரா நூலகம். எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்ப்பதைவிட, செப்புத் திருமேனிக் கூடத்தில் மட்டும் நிதானமாக ஒரு மணி நேரம் இருங்கள் என்பேன். திருவாலங்காட்டு நடராசர் அங்கே இருக்கிறார். அவரைச் சுற்றித் திருவாசி, அதாவது நெருப்பு வளையம், இல்லை. அதனாலேயே கண் வேறெங்கும் போகாமல் தூக்கிய காலிலும் வீசிய கையிலும் நின்றுவிடுகிறது. திருவெண்காட்டு அர்த்தநாரியைப் பாருங்கள்: சிவன் பக்கம் இரண்டு கை, உமை பக்கம் ஒரே கை. ஆனாலும் உருவம் ஒரு பக்கமாகச் சாய்ந்ததுபோலத் தோன்றாது. இடுப்பின் வளைவில் சிற்பி அந்தச் சமநிலையைக் கொண்டுவந்திருக்கிறார். ஐந்து நிமிடமாவது எதிரே நின்றால்தான் இது பிடிபடும்.

பலர் விட்டுவிடும் இடம் ஒன்று உண்டு, புனித ஜார்ஜ் கோட்டை. தலைமைச் செயலகம் இருப்பதால் நம்மை உள்ளே விட மாட்டார்கள் என்று நினைத்துவிடுகிறார்கள். அடையாள அட்டையோடு போனால், சோதனை முடிந்ததும் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். 1947 ஆகஸ்ட் 15 அன்று அந்தக் கோட்டையில் ஏற்றிய தேசியக்கொடியை அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 1680இல் திறந்த புனித மேரி தேவாலயமும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது.

தூரக் கணக்கிலும் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வண்டலூர் தாம்பரம் வழியாகப் போகும் ஜிஎஸ்டி சாலையில், மாமல்லபுரம் ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில், இரண்டும் வேறு வேறு திசை. வண்டலூரே நகரின் நடுவிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல், மாமல்லபுரம் ஐம்பத்தைந்துக்கு மேல். இரண்டையும் மெரினாவையும் ஒரே நாளில் முடிக்க வேன் பேசினால், பிள்ளைகளுக்கு வேன் ஜன்னல்தான் மிஞ்சும். நகருக்குள், பெரும்பாலும் பாலத்தின் மேல் ஓடும் பறக்கும் ரயிலைப் பயன்படுத்துங்கள். கோட்டை, சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், திருமயிலை எல்லாம் கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரி போகும் அந்த ஒரே தடத்தில் வருகின்றன.

மே மாதக் கத்திரி வெயிலில் வராதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் முற்பாதி வரை மழையை எதிர்பார்த்து வாருங்கள். மார்கழி, தை நல்ல காலம், ஆனால் காணும் பொங்கல் அன்று மெரினாவும் வண்டலூரும் வேண்டாம். நகரமே அங்கேதான் இருக்கும், கூட்டத்தில் குழந்தையின் கையை விட்டால் தேடுவது பெரும்பாடு.

மெரினாவில் சூரியன் கடலில் மறைவதைப் பார்க்கலாம் என்று மாலையில் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இது கிழக்குக் கடற்கரை. சூரியன் கடலிலிருந்து எழும், ஊருக்குப் பின்னால்தான் மறையும். விடியலுக்கு முன் வந்து உழைப்பாளர் சிலைக்கு எதிரே மணலில் உட்காருங்கள். மாலைக்கு வேறு சுகம் இருக்கிறது: கடல் காற்று, சுண்டல், மிளகாய் பஜ்ஜி.

கடைசியாகச் சொல்வதால் இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மெரினாவில் குளிக்காதீர்கள். தடை இருக்கிறது, பலகையும் இருக்கிறது. இருந்தும் ஒவ்வொரு வருடமும் வெளியூரிலிருந்து வந்த இளைஞர்கள் இங்கே உயிரை விடுகிறார்கள். பெரும்பாலும் நண்பர்களோடு வந்தவர்கள், நீச்சல் தெரிந்தவர்களும் உண்டு. அகலமான மணலைப் பார்த்து, கடலும் அதேபோல் மெல்ல மெல்ல ஆழமாகும் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த மணல் துறைமுகத்தால் சேர்ந்தது. கடலோரமாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணலைத் துறைமுகச் சுவர்கள் தடுக்க, தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்துப்போனது. மணல் முடியும் இடத்தில் தரை சட்டென்று இறங்கும். அலை உடைந்து திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். முழங்கால் தண்ணீரில் நிற்பவரைக்கூட அந்த இழுப்பு சாய்த்துவிடும்.

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளையாக ஒரு வளைவு நிற்கிறது. எல்லோரும் அதன் முன் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். 1930இல் அங்கே அலையில் சிக்கியவரைக் காப்பாற்றக் கடலில் இறங்கி உயிரை விட்ட கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க்குக்காரரின் நினைவுச் சின்னம் அது. போட்டோ எடுத்த கையோடு, கூட வந்த பிள்ளைகளுக்கு அவர் யார் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் கணுக்கால் அளவுக்கு மட்டும் காலை நனைத்துவிட்டு மணலில் வந்து உட்காருங்கள்.