ஆங்கிலச் சொல்லை வாலைப் பிடித்துப் பிரிப்பது எப்படி?

'கேர்லெஸ்னெஸ்' என்ற சொல்லைக் கண்டதும் அகராதிக்கு ஓட வேண்டாம். பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவருக்கு இதைப் பிரிக்கும் வித்தை ஏற்கெனவே தெரியும்: கேர் + லெஸ் + னெஸ். முதலில் கவனம், பிறகு கவனமற்ற, கடைசியில் கவனமின்மை. பகுதி ஒன்று, அதன்மேல் இரண்டு விகுதிகள் (வால்கள்), அவ்வளவுதான்.

தேவையானவை ஒரு நோட்டும் ஓர் ஆங்கில அகராதியும். இங்கே சொற்களை ஒலிப்படி எழுதியிருக்கிறோம். ஒவ்வொன்றையும் நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள். மூன்றாம் படிக்கு அது கட்டாயம் வேண்டும்.

படி 1: அது வால்தானா என்று பாருங்கள்

வாலை வெட்டிய பிறகு மிஞ்சுவது தனியே பொருள் தரவேண்டும். 'டீச்சர்' என்பதில் 'எர்' போனால் 'டீச்' மிஞ்சுகிறது, சரி. 'ஃபாதர்' என்பதில் வெட்டினால் மிஞ்சுவது சொல்லே இல்லை. 'டேபிள்' இன்னும் வேடிக்கை: கடைசி நான்கு எழுத்துகள் அப்படியே 'ஏபிள்' விகுதிதான், ஆனால் வெட்டினால் ஒற்றை எழுத்துதான் மிச்சம். 'ஃபேமிலி' எல், ஒய் என்று முடிந்தாலும் அதில் 'லி' விகுதி கிடையாது.

இதற்கு நேர்மாறானவையும் உண்டு. நாம் நாள்தோறும் சொல்லும் 'பிசினஸ்' உண்மையில் பிஸி + னெஸ். பொருள் தொழில், வணிகம் என்று நகர்ந்துவிட்டதால் வால் கண்ணில் படுவதில்லை. 'விஷன்', 'விசிபிள்' போன்ற லத்தீன் வழிச் சொற்களில் வேர் தனியாக நிற்காது. தொடக்கத்தில் அவற்றை ஒதுக்கி வையுங்கள்.

படி 2: கடைசி வாலைக் கேளுங்கள்

எத்தனை விகுதி ஒட்டினாலும், சொல்லின் வகையை முடிவு செய்வது கடைசியில் நிற்பதுதான். னெஸ், மென்ட், ஷன், இட்டி வந்தால் பெயர்ச்சொல். ஃபுல், லெஸ், ஏபிள் வந்தால் பெயரடை. ஐஸ், ஃபை வந்தால் வினை: மாடர்னைஸ், சிம்ப்ளிஃபை. 'லி' பெரும்பாலும் வினையடை.

பெயரடையா வினையடையா என்று குழம்பினால் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'ஆன' வந்தால் பெயரடை, 'ஆக' வந்தால் வினையடை. கேர்ஃபுல் கவனமான, கேர்ஃபுல்லி கவனமாக. ஆனால் பெயர்ச்சொல்லோடு 'லி' சேர்ந்தால் பெரும்பாலும் பெயரடைதான் கிடைக்கும்: ஃப்ரெண்ட்லி, காஸ்ட்லி. இவற்றை வினையடையாக எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை.

'லெஸ்' என்பதைக் 'குறைவான' என்று படிக்காதீர்கள். அது பழைய ஆங்கிலத்தில் 'இல்லாத' என்ற பொருளில் இருந்த வேறொரு சொல். 'ஹோம்லெஸ்' என்றால் வீடற்ற.

எந்த வினைக்கு எந்தப் பெயர் விகுதி? இதற்கு முழுமையான விதி இல்லை. டெவலப் என்பதற்கு டெவலப்மென்ட், அரைவ் என்பதற்கு அரைவல், டிசைட் என்பதற்கு டிசிஷன். ஏன் என்று கேட்டால், தமிழிலும் படி என்பது படிப்பு ஆகிறது, ஆடு ஆட்டம் ஆகிறது, செல் செலவு ஆகிறது. அவற்றை நாம் கேட்டுக் கேட்டுத்தானே பழகினோம்? ஆகவே வினையைத் தனியாகப் படிக்காமல் அதன் பெயரோடு ஜோடியாக எழுதிப் படியுங்கள். நாளுக்கு 3 ஜோடி போதும்.

'எர்' மட்டும் தனிக் கவனம் கேட்கும். அது ஆளையும் குறிக்கும், கருவியையும் குறிக்கும்: டீச்சர் ஆள், கிரைண்டர் கருவி. சமைப்பவரைக் 'குக்கர்' என்று எழுதினால் அவரை அடுப்பில் ஏற்றியதாகிவிடும். சமைப்பவர் 'குக்', விசிலடிப்பதுதான் குக்கர். சிறிய பெயரடையோடு சேர்ந்தால் இதே 'எர்' ஒப்பீடு: 'டால்' உயரமான, 'டாலர்' இன்னும் உயரமான.

படி 3: ஒட்டும் இடத்தைச் சரிபாருங்கள்

தமிழில் சந்தியும் விகாரமும் செய்யும் வேலையை இங்கே எழுத்துக்கூட்டல் செய்கிறது. மதிப்பெண் போவதும் இங்கேதான்.

சொல்லின் கடைசியில் ஒலிக்காத 'இ' இருந்து, விகுதி உயிரெழுத்தில் தொடங்கினால் அந்த 'இ' விழும். 'யூஸ்' என்பதோடு 'ஏபிள்' சேரும்போது 'இ' இல்லை. 'ஃபுல்' சேரும்போது இருக்கிறது. 'நோட்டீஸபிள்', 'மேனேஜபிள்' இரண்டிலும் 'இ' விழாது. விழுந்தால் முன்னால் நிற்கும் 'சி' க-வாகவும், 'ஜி' வல்லொலியாகவும் மாறிவிடும். 'ஆர்க்யுமென்ட்', 'ட்ரூலி' இரண்டிலும் விதிக்கு மாறாக 'இ' காணாமல் போகிறது. இவற்றை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

மெய்யெழுத்தை அடுத்து 'ஒய்' நின்றால் அது 'ஐ' ஆகும்: ஹேப்பினெஸ், பியூட்டிஃபுல். உயிரெழுத்தை அடுத்து நின்றால் மாறாது: எஞ்சாய்மென்ட், பிளேயர். 'இங்' சேரும்போது எப்போதும் 'ஒய்' அப்படியே இருக்கும்: ஸ்டடியிங்.

'ரன்' 'ரன்னர்' ஆகும்போது 'என்' இரட்டிக்கிறது. ஓரசைச் சொல் மெய், உயிர், மெய் என்று முடிந்து, விகுதி உயிரில் தொடங்கினால் இப்படி நடக்கும். ஈரசைச் சொல்லில் அழுத்தம், அதாவது ஓங்கிச் சொல்லும் இடம், கடைசி அசையில் இருந்தால்தான் இரட்டிப்பு: 'பிகினர்' இரட்டிக்கும், 'ஓப்பனர்' இரட்டிக்காது. 'டிராவலர்' விலக்கு, பிரிட்டிஷ் வழக்கில் இரண்டு 'எல்', அமெரிக்க வழக்கில் ஒன்று.

'ஃபுல்' தனிச்சொல்லாக இருக்கும்போது இரண்டு 'எல்', விகுதியாகும்போது ஒன்றே ஒன்று. பின்னால் 'லி' வந்தால் மறுபடி இரண்டாகத் தெரியும். அதில் ஒன்று 'லி'யுடையது.

படி 4: வாய்விட்டுச் சொல்லுங்கள்

னெஸ், ஃபுல், லெஸ், லி ஆகியவை சொல்லின் அழுத்தத்தைத் தொடுவதில்லை. ஷன், இக், இட்டி அப்படியல்ல. பெரும்பாலும் தமக்கு முந்திய அசைக்கு அழுத்தத்தை இழுத்துக்கொள்ளும். 'ஹிஸ்டரி'யில் முதல் அசை அழுந்தும், 'ஹிஸ்டாரிக்'கில் 'டார்' அழுந்தும். 'ஆக்டிவ்' 'ஆக்டிவிட்டி' ஆனால் அழுத்தம் 'டிவ்' என்ற அசைக்கு நகரும். தமிழில் இப்படி அழுத்தம் இடம்பெயர்வதில்லை என்பதால் நம் காது இதைத் தவறவிடும். அகராதியில் அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு கோடு இருக்கும்; அதைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: பொருள் நழுவியிருக்கிறதா?

'ஹார்ட்' கடினமாக, 'ஹார்ட்லி' என்றால் கிட்டத்தட்ட இல்லை. 'ஹி வொர்க்ஸ் ஹார்ட்லி' என்று பாராட்டி எழுதினால், அவர் வேலையே பார்ப்பதில்லை என்று சொன்னதாகும். 'லேட்' தாமதமாக, 'லேட்லி' அண்மைக் காலமாக. 'ப்ரைஸ்லெஸ்' மதிப்பற்றது அல்ல, விலைமதிப்பில்லாதது. 'ஐ ஆம் போரிங்' என்றால் என்னோடு இருப்பவருக்குச் சலிப்பு. எனக்குச் சலிப்பு என்றால் 'போர்ட்'. 'இங்' உணர்வை உண்டாக்குவதற்கு, 'எட்' உணர்வை அடைந்தவருக்கு.

இப்போது நீங்களே பிரித்துப் பாருங்கள்: பவர்லெஸ்னெஸ், சியர்ஃபுல்லி, ஃப்ரெண்ட்லினெஸ்.

முதலாவது பெயர்ச்சொல், ஆற்றலின்மை. இரண்டாவது வினையடை, 'எல்' இரண்டு. மூன்றாவதில் ஃப்ரெண்ட் பெயர்ச்சொல், 'லி' அதைப் பெயரடையாக்குகிறது, 'னெஸ்' மறுபடி பெயர்ச்சொல்லாக்குகிறது, நடுவில் 'ஒய்' 'ஐ' ஆகிறது. 'ஃப்ரெண்ட்லி'யை வினையடையாக்க இன்னொரு 'லி' ஒட்டாதீர்கள். 'இன் எ ஃப்ரெண்ட்லி வே' என்பதே வழக்கு.