கடலோரச் சமுதாய வானொலி: அன்றாட நிர்வாகம் விடியற்காலையில் தொடங்குகிறது

இராமநாதபுரம் கடற்கரையில் சமுதாய வானொலி நடத்துபவர், நாளின் வேலைகள் அனைத்தையும் விடியற்கால வானிலை அறிவிப்பை ஒட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாம்பனிலும் மூக்கையூரிலும் இன்று கடலுக்குப் போகலாமா, வேண்டாமா என்று வீடுகளில் பேசிக்கொள்ளும் நேரத்தில் பேசாத நிலையம், மாலையில் எத்தனை நல்ல நிகழ்ச்சி தந்தாலும் கடற்கரை மக்களுக்கு நெருக்கமாகாது.

அந்த அறிவிப்புக்கு முதல் நாள் இரவே ஒருவரைப் பெயர் குறித்துப் பொறுப்பாக்குங்கள். அவர் வர இயலாவிட்டால் யார் வருவார் என்பதையும் அப்போதே எழுதி வையுங்கள். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும், ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தின் அலை முன்னறிவிப்பையும் பார்த்து, அவை வெளியிடப்பட்ட நேரத்துடன் பதிவேட்டில் எழுதிய பிறகே வாசிக்க வேண்டும். தென்கடலான மன்னார் வளைகுடாவுக்கும் வடகடலான பாக் நீரிணைக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள். தென்கடல் கொந்தளிக்கும் நாளில் வடகடல் அடங்கியிருக்கக்கூடும் என்பதால், பொதுவாகக் 'கடலில் காற்று பலம்' என்று சொல்வது யாருக்கும் பயன்படாது.

எங்கள் நிலையத்தில் ஒருமுறை, மேசையில் கிடந்த முந்தைய நாள் தாளை அறிவிப்பாளர் அப்படியே வாசித்துவிட்டார். பத்தே நிமிடத்தில் திருத்தி அறிவித்தோம் என்றாலும், அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. அன்றிலிருந்து, வாசித்து முடித்த தாளின் குறுக்கே கோடு போட்டுக் கோப்பில் வைத்த பிறகே அறிவிப்பாளர் எழுந்திருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். எந்த நேரத்து முன்னறிவிப்பு என்பதையும் ஒலிபரப்பிலேயே சொல்கிறோம்.

அடுத்த கவலை உப்புக்காற்று. கோபுரத்தின் கேபிள் முனையிலுள்ள கனெக்டரைக் கழற்றினால், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறி, நடு ஊசி மங்கிக் கிடப்பதைப் பார்க்கலாம். இது ஒரே நாளில் நிலையத்தை நிறுத்தாது. ஆண்டெனாவிலிருந்து ஒலிபரப்பிக்குத் திரும்பி வரும் மின்திறன் சிறிது சிறிதாகக் கூடும், வானொலி எட்டும் தூரம் குறையும், கடைசியில் ஒலிபரப்பியே பழுதாகும். ஆகவே தினமும் காலையில் வெளிச்செல்லும் திறனையும் திரும்பி வரும் திறனையும் குறித்து வாருங்கள். திரும்பி வரும் திறனின் எண் ஏறத் தொடங்கினால், ஒலிபரப்பியை அணைத்துவிட்டு, கோபுரம் ஏறப் பழகிய தொழில்நுட்பரைக் கொண்டு கனெக்டரை மாற்றி, நீர் புகாத நாடாவை இறுகச் சுற்றச் சொல்லுங்கள்.

விதிகளைப் பொறுத்தவரை, ஒலிபரப்பிய அனைத்தையும் 3 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். நிகழ்ச்சிகளில் பாதியேனும் உள்ளூரில் உருவானவையாக இருக்க வேண்டும். சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி இல்லை; அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் மறுஒலிபரப்பு செய்யலாம். 2024 வழிகாட்டு நெறிகளின்படி மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் ஒலிபரப்பலாம். அந்த வருவாய் மின்கட்டணத்துக்கே சரியாகப் போய்விடும் என்று விட்டுவிடாமல், மாதந்தோறும் ஒரு பகுதியைக் கனெக்டர், பேட்டரி போன்ற உதிரிப் பொருள்களுக்கென்று தனியாக ஒதுக்குங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறிவிடும். வலை பின்னுபவர்களும் படகு பழுது பார்ப்பவர்களும் பகலில் கேட்பார்கள் என்பதால் நேயர் பேசும் நிகழ்ச்சிகளை நண்பகலுக்கு மாற்றலாம். ஆனால் காலை அறிவிப்பைத் தளர்த்தக் கூடாது. பாரம்பரிய நாட்டுப்படகுகள் அந்த நாள்களிலும் கடலுக்குப் போகின்றன. பாசி எடுக்கும் பெண்களும் கடலில் இறங்கும் நாள்கள் உண்டு. அவர்களில் ஒருவரிடம் வாரம் ஒருமுறையேனும், அறிவிப்பு எந்த நேரத்தில் வந்தால் புறப்படும் முன் கேட்க முடியும் என்று விசாரித்து, அதன்படி அடுத்த வாரத்து நேரத்தை அமையுங்கள்.