காவலில் பெற்ற வாக்குமூலத்தை வரிவரியாகப் பிரித்துப் படிப்பது எப்படி?

கொலை வழக்கின் ஆவணக் கட்டை முதன்முதலாகப் பிரிக்கும் இளம் வழக்கறிஞரைக் கலங்க வைப்பது, எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், கையொப்பத்துடன் அதில் இருக்கும் ஒப்புதல் வாக்குமூலம்தான். அதைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23ஆம் பிரிவின்படி, காவல் அதிகாரியிடம் தந்த ஒப்புதலை எதிரிக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது. போலீஸ் காவலில் இருக்கும்போது வேறு எவரிடம் ஒப்புக்கொண்டாலும், அது நடுவரின் (மாஜிஸ்திரேட்டின்) நேர் முன்னிலையில் நிகழ்ந்தாலன்றி, அதே தடை பொருந்தும். 1872ஆம் ஆண்டின் பழைய சாட்சியச் சட்டத்தில் இவை 25, 26, 27 எனத் தனித்தனிப் பிரிவுகளாக இருந்ததால், பழைய தீர்ப்புகளை அந்த எண்களைக் கொண்டே தேடுங்கள்.

வழக்கின் உயிர்நிலை பழைய 27ஆம் பிரிவில், அதாவது இன்றைய 23ஆம் பிரிவின் விலக்கில், இருக்கிறது. காவலில் உள்ளவர் தந்த தகவலால் ஒரு பொருண்மை (உண்மை நிலை) கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு தெளிவாகத் தொடர்புடைய பகுதியை மட்டும் சாட்சியமாக ஏற்கலாம். ஆகவே ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். "கூரையில் ஒளித்து வைத்திருக்கும் கத்தியை எடுத்துத் தருகிறேன்" என்ற வரி உள்ளே வரும். "அதனால்தான் அவனைக் குத்தினேன்" என்ற வரி வராது, அதை அடித்துவிடுங்கள். 1946இல் புலுகூரி கோட்டையா வழக்கில், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் விளக்கியபடி, கண்டுபிடிக்கப்பட்டது கத்தி மட்டுமன்று. அது இருந்த இடமும், அந்த இடம் எதிரிக்குத் தெரியும் என்பதும்தான். அந்தக் கத்தியே கொலைக்குப் பயன்பட்டது என்பதை அரசுத்தரப்பு வேறு சான்றுகளால் நிறுவியாக வேண்டும்.

அடுத்து, கைது, வாக்குமூலம், கைப்பற்றுதல் மகஜர் (பொருளைக் கைப்பற்றியதைச் சாட்சிகள் முன் எழுதும் பதிவு) ஆகிய மூன்றின் நேரங்களையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். ஒளித்த இடம் போலீசாருக்கு முன்பே தெரிந்திருந்தது என்று குறுக்கு விசாரணையில் வெளிவந்தால், எதிரியின் தகவலால் கண்டுபிடிக்கப்பட்டதாகச் சொல்ல எதுவும் மிஞ்சாது. பொருள் பொதுவெளியில் கிடைத்தது என்பதை மட்டும் நம்பி வாதிடாதீர்கள். புதைத்தோ மறைத்தோ வைத்திருந்தால் அந்த வாதம் எடுபடாது.

முழு வாக்குமூலத்தையும் சான்றாவணமாகக் குறியிட முயன்றால், அக்கணமே எழுந்து ஆட்சேபித்து, ஏற்கத்தக்க பகுதியை மட்டும் குறியிடக் கேளுங்கள். ஏற்கத்தகாத வரிகள் நீதிபதியின் கண்ணில் பட்டு மனத்தில் தங்கிவிடுவது, என் கருத்தில், எந்தச் சாட்சியத்தை விடவும் ஆபத்தானது.

நடுவர் முன் அளித்த வாக்குமூலமாக இருந்தால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183ஆம் பிரிவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஒப்புக்கொள்ளும் கட்டாயம் எதுவும் இல்லை என்றும், ஒப்புக்கொண்டால் அது அவருக்கு எதிராகப் பயன்படலாம் என்றும் நடுவர் முன்கூட்டியே விளக்கினாரா, தாமாக முன்வந்தே சொல்கிறார் என்று நம்புவதற்குப் போதிய கேள்விகளைக் கேட்டாரா, யோசிக்கத் தந்த அவகாசத்தில் எதிரி இருந்தது சிறையிலா, போலீசாரிடமா என்று பாருங்கள். விருப்பமில்லை என்று சொன்னவரை மீண்டும் போலீஸ் காவலுக்கு அனுப்ப நடுவருக்கு அதிகாரமில்லை. கடைசியாக, வாக்குமூலத்தின் அடியில் நடுவர் எழுத வேண்டிய குறிப்பும் அவரது கையொப்பமும் உள்ளனவா என்று சரிபாருங்கள்.