நேர்கோட்டின் சாய்வு: கணக்கிடும் முறை, அந்த எண்ணின் பொருள்

பத்தாம் வகுப்பில் ஆயத்தொலை வடிவியல் பாடம் வந்தவுடன் பிள்ளைகள் சாய்வுக்கான சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். விடையும் சரியாக வருகிறது. "சரி, சாய்வு 3 என்று வந்திருக்கிறதே, அந்த 3 எதைச் சொல்கிறது?" என்று கேட்டால்தான் திணறுகிறார்கள். அதனால் சூத்திரத்துக்கு முன்னால் பொருளைப் பார்த்துவிடுவோம்.

பக்கவாட்டில் ஒரு அலகு வலப்பக்கம் நகர்ந்தால், கோடு எத்தனை அலகு ஏறுகிறது அல்லது இறங்குகிறது? அந்த எண்தான் சாய்வு. "ஒன்றுக்கு எவ்வளவு" என்ற கேள்விக்கான பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தரையில் அளப்போம்

மதுரைத் தெருக்களில் பல வீடுகளுக்கு வாசல் தரையைவிட உயரமாக இருக்கும். உங்கள் வீட்டு வாசல் ஒன்றரை அடி உயரம். பாட்டியின் வீல்சேர் ஏற ஒரு சாய்தளம் கட்ட வேண்டும். பொதுக் கட்டடங்களுக்கான விதிகளில் இதற்கு 1க்கு 12 என்ற அளவு இருக்கிறது. அதாவது 12 அடி நீளத்துக்கு 1 அடிதான் ஏறலாம். அப்படியானால் ஒன்றரை அடி ஏற 1.5 × 12 = 18 அடி வேண்டும். சாய்வு 1.5 ÷ 18, கிட்டத்தட்ட 0.083.

இடம் இல்லை என்று 6 அடியிலேயே கட்டிவிட்டால்? 1.5 ÷ 6 = 0.25. மூன்று மடங்கு செங்குத்து. வயதானவர் தானாகத் தள்ளிக்கொண்டு ஏற முடியாது, இறங்கும்போது ஆபத்து. நிறைய இடங்களில் இப்படித்தான் பெயருக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள். கட்டும் முன் ஒரே ஒரு வகுத்தல் போட்டிருந்தால் போதும்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த 18 அடி, தரையில் கிடையாக அளக்க வேண்டிய தூரம். சரிந்த சிமெண்ட் பரப்பின்மேல் டேப்பை வைத்து அளந்தால் முக்கால் அங்குலம் போலக் கூடுதலாக வரும். இங்கே வித்தியாசம் சிறியது. செங்குத்தான சரிவில் அது பெரிதாகிவிடும். சாய்வில் எப்போதும் குத்து உயரத்தைக் கிடைத் தூரத்தால்தான் வகுக்கிறோம்.

இப்போது கிராஃப் தாளுக்கு வருவோம்

(2, 3), (6, 11) என்று இரண்டு புள்ளிகள். ஸ்கேல் வைத்துக் கோடு போடுங்கள்.

முதல் படி: எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். ஒய் மதிப்பு 3இலிருந்து 11க்குப் போகிறது. 11 − 3 = 8.

இரண்டாம் படி: எவ்வளவு நகர்ந்திருக்கிறது? எக்ஸ் மதிப்பு 2இலிருந்து 6க்கு. 6 − 2 = 4.

மூன்றாம் படி: ஏறியதை நகர்ந்ததால் வகுங்கள். 8 ÷ 4 = 2.

அவ்வளவுதான் சூத்திரம்:

சாய்வு = (இரண்டாம் ஒய் − முதல் ஒய்) ÷ (இரண்டாம் எக்ஸ் − முதல் எக்ஸ்)

ஒவ்வொரு கட்டம் வலப்பக்கம் போகும்போதும் கோடு இரண்டு கட்டம் ஏறுகிறது என்பதைத் தாளில் விரல் வைத்தே சரிபார்க்கலாம். அதே கோட்டில் (4, 7) இருக்கிறது. (2, 3)இலிருந்து அதற்குக் கணக்கிட்டாலும் 4 ÷ 2 = 2தான். நேர்கோட்டில் எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் சாய்வு மாறாது. மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் அமையுமா என்று தேர்வில் கேட்டால் இதை வைத்தே சொல்லிவிடலாம்.

குறை எண்கள் வந்தால்

மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் மெதுவாகப் போவோம். புள்ளிகள் (−3, 5), (1, −7).

ஒய்: −7 − 5 = −12. எக்ஸ்: 1 − (−3) = 1 + 3 = 4. சாய்வு −12 ÷ 4 = −3. கோடு இடமிருந்து வலமாக இறங்குகிறது.

வரிசையை மாற்றி, இரண்டாவது புள்ளியிலிருந்து தொடங்கினாலும் 12 ÷ (−4) = −3தான் வரும். ஆனால் மேலே ஒரு வரிசை, கீழே வேறு வரிசை என்று எடுத்தால் 12 ÷ 4 = 3 ஆகிவிடும். இறங்குகிற கோடு ஏறுவதாகக் காட்டும். புள்ளிகளுக்கு "முதல்", "இரண்டு" என்று பென்சிலால் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

கிடைக்கோட்டுக்குச் சாய்வு 0, ஏனென்றால் ஏற்றமே இல்லை. குத்துக்கோட்டில் (5, 1), (5, 8) போல வந்தால் 7 ÷ 0. பூச்சியத்தால் வகுக்க முடியாது, எனவே அதன் சாய்வு வரையறுக்கப்படவில்லை. 0 வேறு, இது வேறு.

அணை நீர்மட்டத்தில் சாய்வு

மதுரைக்காரர்கள் மழைக்காலத்தில் நாளிதழைத் திறந்தால் தேடுவது வைகை அணையின் நீர்மட்டத்தை. முழுக் கொள்ளளவுக்கு 71 அடி. 66 அடியைத் தொட்டதும் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை விடுவார்கள்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: 3ஆம் தேதி 60 அடி, 7ஆம் தேதி 62 அடி. தேதி கிடை அச்சில், நீர்மட்டம் குத்து அச்சில்.

சாய்வு = (62 − 60) ÷ (7 − 3) = 0.5

இங்கே 0.5 என்று மட்டும் எழுதினால் போதாது. சாய்தளத்தில் அடியை அடியால் வகுத்தோம், அலகு அடிபட்டுப் போனது. இங்கே அடியை நாளால் வகுக்கிறோம். ஆகவே விடை "ஒரு நாளைக்கு 0.5 அடி". இதே வேகத்தில் ஏறினால் 66ஐத் தொட இன்னும் 4 அடி. 4 ÷ 0.5 = 8 நாள்; 15ஆம் தேதி. கோடையில் மட்டம் குறையும்போது இதே கணக்கில் சாய்வு குறை எண்ணாக வரும்.

உண்மையில் அணை நீர்மட்டம் இப்படி நேர்கோட்டில் போகாது. வரத்து நாளுக்கு நாள் மாறும். வரத்து ஒரே அளவாக இருந்தாலும், மேலே போகப்போக நீர்ப்பரப்பு அகலமாகிறது, ஒரு அடி ஏற அதிகத் தண்ணீர் வேண்டும். நாம் கண்டது அந்த நான்கு நாட்களின் சராசரி வேகம்.

3ஆம் தேதியை 0 என்று எண்ணத் தொடங்கினால் இதைச் சமன்பாடாகவும் எழுதலாம்: ஒய் = 0.5 எக்ஸ் + 60. எக்ஸுக்கு முன்னால் நிற்பது சாய்வு. தனியாக நிற்கும் 60, கோடு ஒய் அச்சை வெட்டும் இடம். சமன்பாடு 3எக்ஸ் + 2ஒய் = 12 என்று வேறு வடிவில் கொடுத்தால், ஒய்யைத் தனியாக்குங்கள்: ஒய் = −1.5எக்ஸ் + 6. சாய்வு −1.5.

இணைகோடுகளின் சாய்வுகள் சமம். ஒன்றுக்கொன்று செங்குத்தான கோடுகளின் சாய்வுகளைப் பெருக்கினால் −1 (அவற்றில் ஒன்று குத்துக்கோடாக இல்லாதவரை). சாய்வு 2 என்றால் அதற்குச் செங்குத்தானது −0.5.

நீங்களே ஒன்று போடுங்கள்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து மல்லிகை வாங்கி வருகிறீர்கள். ஆட்டோக் கூலியோடு சேர்த்து 2 கிலோவுக்கு 1,300 ரூபாய் ஆகிறது, 5 கிலோவுக்கு 3,100 ரூபாய். பூ விலையும் கூலியும் மாறவில்லை. சாய்வு என்ன, கூலி எவ்வளவு?

சாய்வு 1,800 ÷ 3 = 600, அது கிலோ விலை. 2 கிலோவுக்கு 1,200 போக மீதி 100 ரூபாய் கூலி.